இலவச விளையாட்டும் பிரித்துப் போட்ட பில்லும்

கைப்பேசி விளையாட்டைப் பற்றி எழுபது தாண்டிய ஒருவன் எழுத உட்கார்ந்தால், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள்" என்றுதான் தொடங்குவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. முதல் காரணம், நம் வயதுக்காரர்கள் கையிலும் இன்று அதே விளையாட்டுகள்தான் இருக்கின்றன. நவம்பர் மாதம் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வங்கியில் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கையைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் லூடோவில் காய் நகர்த்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் சீட்டு ஆடுவார். மூன்றாமவர் கலர் கலரான மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது காரணம், பொழுதுபோக்குக்காக விளையாடுவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. என் புகார் அந்த விளையாட்டு போடும் பில்லைப் பற்றியது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பில்லும் வவுச்சருமாகக் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அந்தப் பக்கம்தான் கண் போகிறது.

முதலில் அதன் கவர்ச்சி என்ன என்பதை நியாயமாகப் பார்த்துவிடுவோம். நாம் தாயம், பல்லாங்குழி, பரமபதம் ஆடி வளர்ந்தவர்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தாக்கள் மாலை வேளையில் இரும்புக் குண்டு வீசி பெத்தாங்க் ஆடுவதை வேடிக்கை பார்த்தவர்கள் நாம். இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் முதலில் வேண்டியது ஆள். நம் வயதில் கிடைக்காததும் அதுதான். பிள்ளைகள் பாரீசிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். கூட ஆடியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு முட்டி வலி. கைப்பேசி விளையாட்டு ஆள் கேட்பதில்லை. மதியம் இரண்டு மணிக்கும் தயார், தூக்கம் வராத விடியற்காலை மூன்று மணிக்கும் தயார். தோற்றால் சிரிப்பதற்கு யாரும் இல்லை. ஜெயித்தால் மட்டும் மத்தாப்பு கொளுத்தி, கைதட்டி, நம் பெயரையும் எழுதிக் காட்டுகிறது. வீட்டில் நம்மைப் பாராட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது இதை நேரில் பார்த்தோம். நம் நாட்டு நிறுவனம் ஒன்று 2016-இல் வெளியிட்ட 'லூடோ கிங்' அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு புகுந்தது. லியோனில் இருக்கும் மகளும் லாஸ்பேட்டையில் இருக்கும் அப்பாவும் ஒரே பலகையில் காய் நகர்த்தினார்கள். அந்த நாட்களில் பல பெரியவர்களுக்கு மனம் தளராமல் இருந்ததற்கு அந்தப் பலகையும் ஒரு காரணம். ஆகவே, "போனைத் தூக்கி எறி" என்று சொல்லுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

கவர்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கூண்டில் வைத்து ஆராய்ச்சி செய்தார். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று கணக்காக விழுந்தால் புறா தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்துவிட்டால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட விடுதிகளின் இயந்திரங்கள் வேலை செய்வது இப்படித்தான். கைப்பேசி விளையாட்டில் திறக்கும் பரிசுப் பெட்டியும், சுழலும் சக்கரமும், தினமும் வரும் "இன்றைய பரிசு"ம் இதே வகைதான். இதில் மாட்டுகிறவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று திட்டுவதில் பயன் இல்லை. நிறையப் படித்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வடிவமைத்த பொறி அது.

இனி பணம். 2008-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிக்கான செயலிக் கடையைத் திறந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. விளையாட்டுக்கு ஒரு விலை, கொடுத்தால் உங்களுடையது. புத்தகம் வாங்குவதுபோல. 2009-இல் இலவசமாகக் கொடுத்த செயலிக்கு உள்ளேயும் விற்பனை செய்யலாம் என்று அனுமதித்தார்கள். அன்றிலிருந்து கடையின் வாசல் இலவசமானது, கல்லாப்பெட்டி உள்ளே போய்விட்டது. 2012-இல் வந்த 'கேண்டி கிரஷ்' இதற்கு நல்ல உதாரணம். ஐந்து உயிர்கள் தருவார்கள். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் ஒன்று திரும்பி வர 30 நிமிடம். ஐந்தும் போய்விட்டால் முழுதாக நிரம்ப இரண்டரை மணி நேரம். காத்திருக்கலாம், காசு வேண்டாம். காத்திருக்க முடியாவிட்டால் காசு. அங்கே நாம் விலை கொடுத்து வாங்குவது காத்திருக்காமல் இருப்பதை. இந்த விளையாட்டைச் செய்த 'கிங்' நிறுவனத்தை 2016-இல் இன்னொரு நிறுவனம் ஏறக்குறைய 590 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசமாகக் கொடுக்கும் கடைக்கு இத்தனை விலை ஏன் என்று கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அந்தப் பணத்தைக் கொடுப்பது யார்? இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒளிக்காமல் சொல்வது இது: விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை ஒரு காசும் கொடுப்பதில்லை. அவர்கள் விளம்பரம் பார்க்கிறார்கள், கூட்டம் சேர்க்கிறார்கள். நூற்றில் மிகச் சிலர்தான் பணம் கொடுக்கிறார்கள். அவர்களிலும் அதிகமாகக் கொடுப்பவர்களுக்கு 'திமிங்கலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூதாட்ட விடுதிகளிலிருந்து வந்த பெயர் அது. பெயரே தொழிலின் மனப்பான்மையைச் சொல்லிவிடுகிறது. திமிங்கலத்தை யாரும் விருந்தாளியாக நினைப்பதில்லை, வேட்டையாடத்தான் நினைப்பார்கள்.

இங்கேதான் என் அலுவலக அனுபவம் வருகிறது. அரசாங்கப் பணத்தில் பொருள் வாங்குவதற்கு ஒரு பழைய விதி உண்டு. கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓர் அதிகாரிக்கு இத்தனை ரூபாய் வரைதான் அனுமதிக்க அதிகாரம் என்று உச்சவரம்பு இருக்கும். அதற்கு மேல் போனால் மேலதிகாரியிடம் கோப்பு போக வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று பத்து நாற்காலிக்கு ஒரே பில் போடாமல், இரண்டு இரண்டாக ஐந்து பில் போட்டு வாங்கினால் அது தவறு. மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதலைப் பிரிக்கக் கூடாது என்று பொது நிதி விதிகள் சொல்கின்றன. ஆடிட் வருகிறவர்கள் முதலில் தேடுவதே இதைத்தான். ஒரே கடை, அடுத்தடுத்த தேதி, வரம்புக்குச் சற்றே கீழான தொகை. பார்த்தவுடன் சிவப்பு மையில் கோடு போடுவார்கள்.

இந்த விளையாட்டுகள் நம்மிடம் செய்வது அச்சாக இதுதான். ஒவ்வொரு மனிதனுக்கும் உள்ளே ஒரு மேலதிகாரி இருக்கிறார். ஆயிரம் ரூபாய் என்றால் அவர் விழித்துக்கொண்டு, "எதற்கு? அவசியமா? அடுத்த மாதம் பார்க்கலாமே" என்று கேட்பார். 29 ரூபாய், 89 ரூபாய் என்றால் அவரிடம் கோப்பே போவதில்லை. கீழ்நிலை எழுத்தரே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மாதத்தில் பத்துப் பதினைந்து முறை அந்தக் கையெழுத்து விழுகிறது. மகாபாரதத்தில் தருமரும் நாட்டையும் தம்பிகளையும் ஒரே ஆட்டத்தில் மொத்தமாக வைக்கவில்லையே. செல்வம், படை, நாடு, தம்பிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வைத்தார். முழுப் பட்டியலையும் முதலிலேயே நீட்டியிருந்தால் அவரே எழுந்து போயிருப்பார்.

இரண்டாவது தந்திரம் நாணயம். விளையாட்டுக்குள் ரூபாய் செல்லாது. வைரம், ரத்தினம், தங்கக்கட்டி என்று ஏதாவது ஒன்றை முதலில் வாங்க வேண்டும், பிறகு அதைக் கொடுத்துத்தான் பொருள் வாங்க வேண்டும். வைத்துக்கொள்வோம், 89 ரூபாய்க்கு 60 வைரம் தருகிறார்கள். உங்களுக்கு வேண்டிய பொருளின் விலை 75 வைரம். ஆகவே இரண்டு முறை வாங்குவீர்கள், 45 வைரம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனம் வராது, அதற்காக மீண்டும் ஒரு முறை. அந்தப் பொருளின் விலை ரூபாயில் எவ்வளவு என்று கேட்டால் மனக்கணக்காகச் சொல்ல முடியாது. கணக்கில் கெட்டிக்காரரான பள்ளிக்கூட வாத்தியாரும் தடுமாறுவார்.

இது புதுச்சேரிக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. நம் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 1960-இல் பிரான்சில் 100 பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்க் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் கழித்தும் வயதானவர்கள் பழைய பிராங்கில்தான் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். 2002-இல் யூரோ கைக்கு வந்தது. ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்க். எங்கள் தெருவில் இருந்த சொல்தா ஒருவர், எந்தத் தொகையைக் கேட்டாலும் சட்டைப் பையில் இருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து, பிராங்காக்கி, அதை ரூபாயாக்கி, அதன் பிறகுதான் "சரி" என்பார். அவரைக் கஞ்சன் என்று தெருவே சிரித்தது. இன்று யோசித்தால், அந்நிய நாணயத்தில் செலவழிக்கும்போது கை தாராளமாகிவிடும் என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார் என்று தோன்றுகிறது. சூதாட்ட விடுதியில் பணத்துக்குப் பதில் வில்லை தருவார்கள். பிரெஞ்சில் அதற்கு 'ஜெத்தோன்' என்று பெயர். வைரமும் ரத்தினமும் அந்த ஜெத்தோனின் பேரப்பிள்ளைகள்.

பிரெஞ்சில் இலவசத்துக்கு 'கிராத்துயி' என்று சொல்லுவோம். அதே சொல்லுக்கு ஆதாரமில்லாதது என்றும் பொருள் உண்டு. ஆதாரமில்லாமல் ஒருவர் மேல் குற்றம் சொன்னால் அதுவும் 'கிராத்துயி'தான். 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விளையாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாவது பொருள் நினைவுக்கு வருகிறது.

எங்கள் தெருவிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர். பெயர் வேண்டாம். சொந்த ஊர் பாகூர்ப் பக்கம். நெல் விளையும் பூமி. கணவர் காலமான பிறகு நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிட்டார். மகன் பிரான்சில். குடும்ப ஓய்வூதியத்தில் ஒற்றை ஆளாக இருக்கிறார். கைப்பேசியில் பண்ணை விளையாட்டு ஒன்றை ஆடுவார். நிலம் உழுவது, விதைப்பது, தண்ணீர் விடுவது, மாட்டுக்குத் தீனி போடுவது. ஒருநாள் மாலை அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். "இங்க பாருங்கண்ணே, இந்த வரப்பு ஓரம் எங்க மேட்டுக்கொல்லை மாதிரியே இருக்கு" என்றார்.

போன வருஷம் விடுமுறைக்கு வந்த மகன் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சத்தம் போட்டுவிட்டு, என்னிடம் வந்து, "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றான். அந்த அம்மாவையும் வைத்துக்கொண்டு மூன்று மாதக் கணக்கை எடுத்து ஒரு தாளில் எழுதினேன். மொத்தம் 41 பதிவுகள். குறைந்தது 29 ரூபாய், அதிகபட்சம் 249 ரூபாய். கூட்டினால் 4,127 ரூபாய். பயிர் விளைய எட்டு மணி நேரம் ஆகும் என்ற இடத்தில் காத்திராமல் அறுவடை செய்வதற்குக் கொடுத்த பணம்தான் பெரும்பகுதி. அந்த அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூணு மாசத்துக்கும் சேர்த்து ஓராயிரம் இருக்கும்னு நெனச்சிருந்தேண்ணே" என்றார். பிறகு, "நெஜ நெலத்துக்கு உரம் வாங்கினப்பகூட அவரக் கேக்காம ஒரு மூட்டை எடுத்ததில்ல" என்றார்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். 41 முறையும் விலையைக் காட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். 41 முறையும் அவர்தான் ஒப்புதல் கொடுத்தார். மொத்தத்தை மட்டும் ஒருமுறைகூட அந்த விளையாட்டு அவருக்குச் சொல்லவில்லை. மளிகைக் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கும் அண்ணாச்சிகூட மாதக் கடைசியில் கூட்டிச் சொல்லிவிடுகிறார்.

மகன் கேட்டுக்கொண்டபடி "அந்த விளையாட்டை எடுத்துவிடுங்கள்" என்று நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. மகனிடம் இப்படிக் கேட்டேன்: "நீ மாதம் எத்தனை முறை வெளியே சாப்பிடுகிறாய்? சினிமாவுக்கு எவ்வளவு? அதையெல்லாம் யார் கூட்டிப் பார்த்துச் சத்தம் போடுகிறார்கள்?" தன் ஓய்வூதியத்தில் மாதம் முந்நூறு ரூபாய் தன் சந்தோஷத்துக்குச் செலவழிக்க அந்த அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. தெரிந்து கொடுக்கிற முந்நூறு அவருடைய செலவு. தெரியாமல் போகிற ஆயிரத்து முந்நூற்றைத்தான் நான் எதிர்க்கிறேன். இன்றைக்கும் அவர் விளையாடுகிறார். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தேதியும் தொகையும் எழுதுகிறார். எழுதத் தொடங்கிய பிறகு எந்த மாதமும் முந்நூற்றைத் தாண்டவில்லை. பயிர் விளைய எட்டு மணி நேரம் காத்திருக்கிறார். பாகூரில் நான்கு மாதம் காத்திருந்தவருக்கு எட்டு மணி நேரம் ஒரு பெரிய விஷயமா?

பெரியவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைகளைக் கேட்க வேண்டாம். அமெரிக்காவில், கடவுச்சொல்லை ஒருமுறை போட்டுவிட்டால் அடுத்த 15 நிமிடத்துக்குக் குழந்தை எத்தனை பொத்தானை அழுத்தினாலும் பெற்றோர் கணக்கில் பணம் எடுக்கும்படி வைத்திருந்தார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதைக் கையில் எடுத்தது. 2014-இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரும், அதே வருஷம் கூகுள் நிறுவனம் குறைந்தது 1.9 கோடி டாலரும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன.

அடுத்தது பரிசுப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி. நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது கணக்கு வாத்தியார் பாஸ்கால் பற்றிச் சொல்லுவார். 1654-இல் பாஸ்காலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு விடை தேடினார்கள். நிகழ்தகவு என்கிற கணிதமே அங்கிருந்துதான் வளர்ந்தது. எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று தெரிந்தால்தான் ஆட்டத்தின் நியாயம் தெரியும் என்பது அதன் சாரம். இந்தப் பெட்டிகளில் அந்த எண்ணை ரொம்ப நாள் மறைத்தே வைத்திருந்தார்கள். 2017 கடைசியில்தான் ஆப்பிள் தன் கடையில் வாய்ப்பு விகிதத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று விதி போட்டது.

பெல்ஜியம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2018-இல் அந்நாட்டின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம், காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டத்தில் சேரும் என்று அறிவித்தது. அதன் விளைவாக 2019-இல் நிண்டெண்டோ தன் இரண்டு கைப்பேசி விளையாட்டுகளை அந்த நாட்டிலிருந்தே விலக்கிக்கொண்டது. ஜப்பானில் இதற்கு முன்பே, 2012-இல், சீட்டுகளைக் குலுக்கல் முறையில் வாங்கி முழுத் தொகுப்பும் சேர்த்தால் பெரிய பரிசு என்ற ஒரு வகையைச் சட்டவிரோதம் என்று நிறுத்தினார்கள். விளையாட்டுத் தொழிலில் ஜப்பான் முன்னணி நாடுகளில் ஒன்று. அவர்களுக்கே எல்லை போடத் தோன்றியிருக்கிறது.

நம் நாட்டில் என்ன நிலை? பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ரம்மி போன்றவை வேறு சாதி. அதில் வீட்டையும் உயிரையும் இழந்தவர்களின் செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கியவர். தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது. இணையவழிச் சூதாட்டத்துக்கு 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பேதம் பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. நான் அதை வரவேற்கிறேன்.

ஆனால் அந்தத் தடையால் நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பண்ணை விளையாட்டும் மிட்டாய் விளையாட்டும் அந்தச் சட்டத்தின் தடைக்குள் வராது. வரவும் வேண்டாம். அவற்றில் ஜெயித்தால் பணம் கிடைக்காது, பணம் வெளியே போக மட்டும்தான் வழி. ரம்மிக்காரர் ஒரே இரவில் மூழ்குவார், அது வெளியே தெரியும். இங்கே கசிவுதான். மோட்டார் போட்டால் தொட்டி நிரம்புகிறது, அதனால் குழாய் ஒழுகுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புத் தந்திரங்கள் 13-ஐப் பட்டியலிட்டு மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நல்ல தொடக்கம். அதோடு இன்னும் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒன்று, விளையாட்டுக்குள் எந்தப் பொருளுக்கும் வைரக் கணக்கோடு ரூபாய் விலையும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு முறை பணம் கேட்கும்போதும், "இந்த மாதம் நீங்கள் இதுவரை கொடுத்தது இவ்வளவு" என்று அதே திரையில் காட்ட வேண்டும். மின்சாரக் கட்டணச் சீட்டிலேயே பழைய பாக்கியைக் காட்டுகிறார்கள். இத்தனை கணினி வைத்திருப்பவர்களுக்கு இது கஷ்டமா?

"என் காசு, என் இஷ்டம், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். உங்கள் காசுதான், உங்கள் இஷ்டம்தான். பாக்கெட்டின் மேல் விலை அச்சிட வேண்டும் என்ற சட்டம் யாரையும் பிஸ்கட் வாங்காதே என்று தடுப்பதில்லை. எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்கு என்கிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் பிளே ஸ்டோரில் மேலே உள்ள தங்கள் படத்தைத் தொட்டால் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்று வரும். அதற்குள் 'பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி' என்ற இடத்தில் இதுவரை வாங்கியதெல்லாம் தேதி வாரியாக இருக்கும். அங்கேயே மாத வரம்பும் குறித்து வைக்கலாம். ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அந்த ஒரு நிமிடத் தாமதத்தில்தான் உள்ளே இருக்கும் மேலதிகாரி விழித்துக்கொள்வார். யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைப் பாருங்கள். மாதா மாதம் தானாகப் போகும் சந்தா ஏதாவது இருந்தால் அங்கே தெரியும், வேண்டாததை நிறுத்திவிடலாம். ஓய்வூதியம் வரும் கணக்கை விளையாட்டோடு இணைக்காதீர்கள். தனியாக ஒரு சிறு கணக்கில் மாதம் இருநூறோ முந்நூறோ போட்டு, அதை மட்டும் இணையுங்கள். பேரப்பிள்ளை கையில் உங்கள் போனைக் கொடுக்கும் முன்பும் இதே ஏற்பாடு இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, தொகை, எதற்காக என்று மூன்று கட்டம் போதும். மாதக் கடைசியில் கூட்டிக் கோடு போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளிடமும் இதைக் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் கணக்கு மறைந்துவிடும். "நீயும் எழுது, நானும் எழுதுகிறேன், மாதக் கடைசியில் ரெண்டு பேரும் பார்ப்போம்" என்று சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். தாத்தாவின் கணக்கையும் சரிபார்க்கலாம் என்றால் அதற்கு இரட்டிப்புச் சந்தோஷம்.

அலுவலகத்தில் நாங்கள் எழுதிய பேரேடுகளை யாரும் ஆசையாகப் படித்ததில்லை. ஆனாலும், எழுதுகிறார்கள் என்ற பயத்தினாலேயே நின்றுபோன செலவுகள் எத்தனையோ. விளையாடுங்கள், நன்றாகப் பொழுது போகட்டும். பில்லை மட்டும் பிரித்துப் போட விடாதீர்கள்.